85 டிகிரி எங்கிருந்து வந்தது?

கேரளத்தின் கொல்லயில், பாறசாலைப் பக்கம் சித்திரை வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் காற்றின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தொடாது. ஆர்டுயினோ பலகையில் டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சாரை இணைத்துப் பார்க்கும் மாணவரின் திரையில் மட்டும் அந்த 85 சர்வசாதாரணமாக வந்து நிற்கும். சில நேரம் மைனஸ் 127கூட வரும். 'சென்சார் போச்சு, வேற வாங்கணும்' என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும்.

பெரும்பாலும் சென்சார்மேல் குற்றமில்லை. மின்சாரம் கிடைத்ததும் அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க எண்தான் 85. 12 பிட் நுணுக்கத்தில் அளந்து முடிக்க அதற்கு 750 மில்லிசெகண்டு வரை பிடிக்கும். அவசரப்பட்டு அதற்குள் கேட்டால் 85 என்றே சொல்லும். நடுவில் மின்சாரம் தடுமாறினாலும் இதே கதைதான்.

மைனஸ் 127 அளவே அல்ல. இந்தச் சென்சாரால் மைனஸ் 55க்குக் கீழே அளக்க முடியாது. 'பதிலே வரவில்லை' என்பதற்கு மென்பொருள் வைத்திருக்கும் அடையாளம் அது. அப்போது பார்க்க வேண்டியது வயரை. டேட்டா காலுக்கும் பவர் காலுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா? பிரெட்போர்டில் ஜம்பர் வயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? பவரையும் கிரவுண்டையும் மாற்றிச் செருகியிருந்தால் சென்சாரைத் தொட்டாலே சுடும். உடனே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சந்தையில் போலிச் சென்சார்கள் ஏராளம், உண்மைதான். ஆனால் அந்தச் சந்தேகம் கடைசியில்தான் வர வேண்டும்.

கேரளத்தில் 2025 ஜூனிலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ரோபோட்டிக்ஸ் பாடம் உண்டு. அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிகளுக்கு 29,000 கிட்டுகள் கொடுத்திருக்கிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் கையை நீட்டினால் சானிடைசர் ஊற்றும் கருவியைச் செய்து முடிப்பது பாதிப் பாடம்தான். ஊற்றாமல் நின்றுபோனால் எங்கே தொடங்கித் தேடுவது என்பது மீதிப் பாதி. அதற்கு மதிப்பெண் இல்லாதவரை பிள்ளைகள் அதைப் படிக்க மாட்டார்கள். ஓடுகிற பக்கத்து மேசைச் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் வயர் செருகுவார்கள்.

பழுது தேடக் கற்றுக்கொடுக்கப் பெரிய செலவும் இல்லை. கொல்லயில் ஊராட்சியிலேயே, தனுவச்சபுரத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. மல்டிமீட்டரும் கையுமாகப் பழுது தேடுவது அங்கே அன்றாட வேலை. அங்குள்ள பயிற்றுநர்களைப் பக்கத்துப் பள்ளிகள் அழைக்கலாம்.

வரும் செய்முறைத் தேர்வில் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்ட ஒரு சர்க்யூட்டையும் ஒரு மல்டிமீட்டரையும் மாணவர் கையில் கொடுங்கள். பழுதைக் கண்டுபிடித்தால் முழு மதிப்பெண் போடுங்கள்.