எந்த ஏரியா?

இந்த வாரத்து எரிச்சல் ஒரு சுற்றறிக்கையாக வந்தது. தங்கை மகன் படிக்கும் பள்ளியிலிருந்து பெற்றோர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாணவர்கள் தலைமுடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு வர வேண்டும். ஒன்சைடு கட்டிங் கூடாது, பாக்ஸ் கட்டிங் கூடாது, பக்கவாட்டில் கோடு போடக் கூடாது, ‘புள்ளிங்கோ கட்டிங்’ கூடவே கூடாது. கீழே தலைமையாசிரியர் கையெழுத்து, வட்ட முத்திரை.

முடி விஷயத்தில் எனக்குக் கருத்து இல்லை. கருத்துச் சொல்லும் தகுதியை இழந்து பல வருடமாகிறது என்பது என் தலையைப் பார்த்தாலே தெரியும். என் கோபம் அந்த ஒரு சொல்லின் மேல். மீம்ஸில் வரட்டும், பஸ் நிறுத்தத்தில் கேட்கட்டும். பள்ளிக்கூட முத்திரைக்கு மேலே அது எப்படி ஏறியது? இந்தப் பள்ளி மட்டுமில்லை. முடிதிருத்தும் கடைக்காரர்களிடமே ‘இந்த மாதிரி வெட்டாதீர்கள்’ என்று பள்ளிகளும் போலீஸாரும் கேட்டுக்கொண்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

புள்ளிங்கோ என்றால் வடசென்னை வாயில் பிள்ளைகள். அவ்வளவுதான். ‘நம்ம புள்ளிங்கோ’ என்றால் நம்ம பசங்க. சில வருடங்களுக்கு முன் யூடியூபில் பரவிய ஒரு கானா பாட்டு அந்தச் சொல்லைப் பெருமையாகத்தான் ஊருக்குள் கொண்டுவந்தது. ஊர் அதை வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொண்டது. சாயம் பூசிய முடி, ஒட்டிப் பிடித்த பேன்ட், சைலன்ஸர் அலறும் வண்டி, கூடவே ‘எந்த ஏரியாவோ’ என்ற முகச்சுளிப்பு. அதே சாயத்தை அடையாற்றில் ஏசி போட்ட சலூனில் ஐயாயிரம் ரூபாய்க்குப் பூசிக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் ஸ்டைல்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு சொல் உண்டு: ‘சாவ்’. விளையாட்டு உடுப்பும் பெரிய நகையும் போட்ட ஏழை வீட்டுப் பையன்களைக் கேலி செய்ய இருபது வருடத்துக்கு முன் அங்கே பல பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. ரோமானி மக்களின் மொழியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே அதற்கும் பிள்ளை என்றுதான் பொருள். பிறகு யாரோ ஒரு புத்திசாலி அதை ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை என்று கதை கட்டினான்: ‘கவுன்சில் வீட்டில் குடியிருப்பவன், முரடன்’. கவுன்சில் வீடு என்றால் அங்கே நகராட்சி வாடகைக்குக் கொடுக்கும் வீடு. கதை பொய். ஆனால் அங்கே பலரும் அதைத்தான் நம்பினார்கள். ஓவன் ஜோன்ஸ் என்ற இளைஞர் 2011-ல் இந்த ஏளனத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பிறகுதான் பலருக்கு நாக்கு கொஞ்சம் கூசியது.

அந்தப் பொய்க் கதைகூடக் குடியிருக்கும் வீட்டைத்தான் வசையாக்கியிருக்கிறது என்று படித்தபோதுதான் பொறி தட்டியது. முடியைப் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளட்டும். நம் ஏளனச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: சேரி, குப்பம், காலனி, பொறம்போக்கு, லோக்கல், ஹவுசிங் போர்டு. இவற்றில் ஒன்றாவது ஒரு மனிதனின் குணத்தையோ தொழிலையோ சொல்கிறதா? எல்லாமே முகவரி. பணக்காரனுக்கும் நாம் வைத்திருப்பது முகவரிதான். ‘பெரிய இடம்’ என்கிறோம்.

(‘கஸ்மாலம்’ என்ற வசை கீதையில் இருக்கிறது என்று போன மாதம் எழுதியதற்கு இன்னும் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. அர்ஜுனன் மனம் சோர்ந்து உட்கார்ந்தபோது கண்ணன் சொல்வதாக வரும் சொல் அது, ரிக்‌ஷாக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. இந்த வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.)

பொறம்போக்கை மட்டும் கொஞ்சம் பாருங்கள். அது வருவாய்த் துறையின் சொல். யாருக்கும் பட்டா இல்லாத, தீர்வைக் கணக்குக்கு வெளியே நிற்கும் பொது நிலம். மேய்ச்சல் பொறம்போக்கு, வண்டிப்பாட்டைப் பொறம்போக்கு, ஏரிப் பொறம்போக்கு என்று கிராமக் கணக்கில் வகை வகையாக இருக்கும். ஊருக்கே சொந்தமான நிலத்தின் பெயரை எடுத்து, நிலமே இல்லாதவனைத் திட்டப் பழகினோம். எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்பதற்காக 2017-ல் பாடகர் டி.எம்.கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பொறம்போக்குப் பாட்டைப் பாடி வெளியிட்டபோது, ‘பாட்டில் இந்தச் சொல்லா’ என்று என் நண்பர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். அவருடைய சொந்த வீடு ஏரி வாயில் நிற்கிறது. அதற்கு மட்டும் எப்படியோ பட்டா இருக்கிறது.

சேரிக்கு வருவோம். 2017-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் சக போட்டியாளரைப் பார்த்துச் ‘சேரி பிஹேவியர்’ என்று ஒருவர் சொல்லப்போய் ரகளை ஆனது. 2023-ல் சமூக வலைதளத்தில் ஓர் அரசியல் பிரமுகர் ‘உங்கள் சேரி மொழி எனக்கு வராது’ என்ற பொருளில் எழுதினார். எதிர்ப்பு கிளம்பியதும் அவர் சொன்ன விளக்கம் இருக்கிறதே, அது அபாரம்: பிரெஞ்சு மொழியில் ‘ஷெரி’ என்றால் அன்புக்குரிய என்று பொருளாம். புதுச்சேரிக்காரர்கள் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். வேளச்சேரியில் கோடி ரூபாய்க்கு ஃப்ளாட் வாங்கியவர்களும்.

என் அடுக்குமாடிச் சங்கத்தின் மேல் எனக்குள்ள பகை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். சர்வீஸ் லிஃப்ட் சண்டையை மூன்று பத்திகளுக்கு இழுத்தவன் நான். போன ஞாயிறு கூட்டத்தில் துப்புரவு வேலைக்குப் புதிய ஏஜென்சி பிடிப்பது பற்றிப் பேச்சு. செயலாளர் எழுந்தார். “ஏஜென்சி எதுவா வேணா இருக்கட்டும் சார், கண்ணகி நகர் ஆளுங்க மட்டும் வேண்டாம். ரிஸ்க்.” தலைகள் ஆடின. தினமும் காலை ஆறரைக்குப் பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பெண்கள் ஒருநாள் வராவிட்டால் எங்கள் பிளாக்கில் ஒரு பாத்திரமும் துலங்காது. வீட்டுச் சாவியே அவர்களில் பலரிடம்தான் இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். “நீங்க பத்திரிகைக்காரர் சார்” என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

கண்ணகி நகர் எப்படி வந்தது என்று செயலாளருக்குத் தெரியுமா என்று தெரியாது. குடிசை மாற்று வாரியம் தொடங்கியது 1970-ல், அதற்கான சட்டம் 1971-ல். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது வாரியத்தின் வாசகம். ஆரம்ப வருடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்துக் குடியிருப்புகள் அப்படி வந்தவைதான். மீனவர் கடலைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. பிறகு நகரத்து நிலத்துக்கு விலை ஏறியது. 2000-த்திலிருந்து கூவம் கரை, அடையாற்றுக் கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம் என்று பொறம்போக்கில் இருந்தவர்களையெல்லாம் லாரியில் ஏற்றித் துரைப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் கண்ணகி நகரில் இறக்கினார்கள். முதலில் கட்டிய வீடுகள் இருநூறு சதுர அடிகூட இல்லை. கண்ணகி நகரும் பக்கத்து எழில் நகரும் சேர்த்து இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கூட்டிப்போய்க் குடிவைத்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். செம்மஞ்சேரியில் பெருமழைக்கு வீட்டுக்குள் தண்ணீர்.

வேலை சிந்தாதிரிப்பேட்டையில், வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால். பள்ளிக்கூடம் போதாது, பஸ் போதாது. சில வருடத்தில் அந்தப் பெயரே போலீஸ் செய்தியில் ஓர் அடைமொழியாகிவிட்டது. போன வாரம் ஆட்டோவில் வரும்போது ஓட்டுநர் சொன்னார்: “கண்ணகி நகர்னு அட்ரஸ் குடுத்தா வண்டி லோன் குடுக்க மாட்றான் சார். எம் மச்சான் இன்டர்வியூக்குப் போனான். எல்லாம் ஓகே. எந்த ஏரியான்னு கேட்டான், சொன்னான். அப்புறம் கூப்புடுறோம்னுட்டான். இப்போ துரைப்பாக்கம்னு எழுதுறான்.” இது ஒரு மச்சானின் கதை மட்டுமில்லை. முகவரியை மாற்றி எழுதிக்கொண்டு வேலைக்கு விண்ணப்பிப்பது அங்கே ஊரறிந்த வழக்கம்.

இந்த இடத்தில், சேரி மனிதர்களைக் கதையாக எழுதிய ஜெயகாந்தனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. பழைய வாசகர்கள் பெருமூச்சு விடலாம். ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையை நான் யாருக்கெல்லாமோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் திருப்பிக் கொடுத்ததில்லை. 1965-ல் அவரே அதைப் படமாகவும் எடுத்தார். சித்தாள் வேலை செய்யும் தங்கம், அவள் மகன் சிட்டி, அவர்கள் வாழ்க்கைக்குள் வரும் கிளி ஜோசியக்காரன் மாணிக்கம். தாய்க்கு ஒரு துணை வந்துவிட்டதை அந்தப் பையனால் பொறுக்க முடியவில்லை. முறைக்கிறான், விலகிப் போகிறான். கடைசியில் தாய் விட்டுப்போன பச்சைக் குழந்தையை அவன்தான் கையில் வாங்குகிறான். அந்தப் பையனின் கோபத்துக்கு ஜெயகாந்தன் எங்கேயும் ‘சேரிக் குணம்’ என்று பெயர் வைக்கவில்லை. எந்த வீட்டில் நடந்தாலும் ஒரு பையனுக்கு அப்படித்தான் வயிறு எரியும். அவரைத் தூக்கிவைத்துப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ எழுதும்போது அவருக்கே மூக்கு கொஞ்சம் சுருங்கிவிட்டது. சினிமா நடிகர்மேல் இருந்த கோபத்தை அந்தப் பெண்ணின்மேல் இறக்கிவிட்டார். இன்றைக்கும் எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

ஆனால் அவர் எழுதிய சென்னையில் குடிசையும் பங்களாவும் ஒரே தெருவில் இருந்தன. மதில் ஒன்றுதான் நடுவில். பங்களாக்காரர் கீழாகத்தான் நடத்தினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் திட்டுவதற்கும் அவருக்குப் பெயர் தெரிந்திருந்தது. ‘ஏ தங்கம்’ என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. இன்று அவளை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பிவிட்டோம். அங்கிருந்து வருபவளுக்குப் பெயர் இல்லை, ஏரியா மட்டும்தான்.

அதனால்தான் அரசாங்கம் பெயரை மாற்றும்போது என்னால் முழுதாகக் கை தட்ட முடிவதில்லை. குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாயிற்று. கிராமங்களில் ஊருக்கு வெளியே தலித் மக்கள் வாழும் பகுதிக்கு வழங்கிவரும் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பேங்க் காலனி, ரயில்வே காலனி என்று நகரத்தில் மரியாதையாக இருக்கும் சொல், கிராமத்தில் கல்லாக விழுந்துகொண்டிருந்தது. நீக்கியது சரி. செய்ய வேண்டியதுதான். ஆனால் பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் கண்ணகி நகரையே பார்க்கலாம். தமிழில் அதைவிட உயர்ந்த பெயர் ஒன்றைத் தேடி வைத்துவிட முடியுமா? காப்பிய நாயகியின் பெயர். அதை வசையாக்க நமக்கு இருபது வருடம்கூடத் தேவைப்படவில்லை. பிழைக்க வந்த வெளியூர்க்காரனைத் திருடன் என்று ஒருவன் சொல்ல, விசாரிக்காமல் வெட்டிய ஊரைக் கேள்வி கேட்டவள் அவள். அவள் பெயரில் உள்ள நகரத்துக்காரர்களைத்தான் எங்கள் செயலாளர் விசாரிக்காமல் ரிஸ்க் என்கிறார்.

அப்படியானால் இந்தச் சொற்களைச் சொல்லலாமா, கூடாதா? ஏரியாக்காரன் தன்னைப் புள்ளிங்கோ என்று சொல்லிக்கொள்ளட்டும், பாட்டுக் கட்டட்டும், அது அவன் சொத்து. ‘மாரி’ படத்தில் கதாநாயகன் ‘தர லோக்கல்’ என்று ஆடியபோது தியேட்டரில் விசிலடித்தவர்களுக்கு அதில் பெருமை இருந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்த பெண்ணை ஊரே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று கூப்பிட்டது. அந்த அடைமொழியை அவர் மறைக்கவில்லை, முன்னால் வைத்துக்கொண்டார். அந்த ஏரியாவில் ஒரு நாள்கூட வாழாத நாம், மேலே உட்கார்ந்துகொண்டு, வட்ட முத்திரை போட்டு அதைச் சொல்வது அநாகரிகம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

வாசகர்களில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு என்று கடிதங்களிலிருந்து தெரிகிறது. விண்ணப்பத்தில் முகவரிக் கட்டத்தை வேலை கொடுத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு அனுப்ப அது போதும். நேர்முகத்தில் ‘எந்த ஏரியா’ என்று கேட்பதை நிறுத்துங்கள். முகவரியை மாற்றி எழுதி வேலை வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். பெயர் போடமாட்டேன். ஏரியா பெயரைப் போடலாமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.