மாணவருக்கென்று பிறந்த கம்பைலர்கள்



உங்கள் இல்லத்துப் பிள்ளைகளில் எவரேனும் கம்ப்யூட்டர் பயில்வாராயின், அவர் எதையோ தட்டெழுதுவதையும், மறுகணமே இன்ன வரியில் பிழை என்று திரை அறிவிப்பதையும் கண்டிருப்பீர்கள். அந்த அறிவிப்புக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

மனிதர் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957இல் ஃபோர்ட்ரான் கம்பைலரை வெளியிட்டனர். கைதேர்ந்தவர் தாமே எழுதும் கட்டளைகளுக்கு நிகரான வேகம் வேண்டும் என்பதே அவர்களின் பெருங்கவலை. ஒரே புரோகிராமை நூறு முறை ஓட்டும் ஆராய்ச்சியாளருக்கு அது பொருந்தும். மாணவனுக்கோ தன் புரோகிராம் ஒருமுறை சரியாக ஓடினால் போதும். அதன்பின் அதற்கு வேலையில்லை. ஆனால் அந்த ஒருமுறைக்கு முன்னர் அது பலமுறை பிழையோடு திரும்பி வரும்.

திரும்பி வருவதும் எளிதன்று. அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, கணிப்பொறி மையத்தில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அச்சிட்ட தாள் கைக்கு வர ஒரு நாள்கூட ஆகும். விடுபட்டது ஒரு காற்புள்ளியாக இருந்தாலும் ஒரு நாள் போயிற்று!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள வாட்டர்லூ பல்கலைக் கழகத்தில் இதற்கு வழி பிறந்தது. 1965ஆம் ஆண்டு கோடையில் இளநிலை மாணவர் நால்வர், ஐ.பி.எம். 7040 கணிப்பொறிக்காக 'வாட்ஃபார்' என்னும் ஃபோர்ட்ரான் கம்பைலரை எழுதினர். ஆம், மாணவருக்கான கருவியை மாணவரே செய்தனர்! வழக்கமான முறையில், ஒவ்வொருவர் வேலைக்கும் கம்பைலரை மீண்டும் நினைவகத்தில் ஏற்ற வேண்டும். மாற்றிய கட்டளைகளை வெளியே எழுதி, இணைத்து, திரும்ப ஏற்றி ஓட்ட வேண்டும். வாட்ஃபார் நினைவகத்திலேயே தங்கிக்கொண்டு, மாணவர் புரோகிராம்களை வரிசையாக வாங்கி, மாற்றி, அங்கேயே ஓட்டியது. மதிப்புத் தரப்படாத மாறியை ஒருவர் பயன்படுத்தினால், ஓடும்போதே அதைச் சுட்டிக் காட்டியது. இந்தக் கண்காணிப்பு இல்லாத கம்பைலரோ, அவ்விடத்தில் கிடந்த ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு தவறான விடையை அச்சிட்டுவிடும். அந்த விடையை நம்பிவிடும் மாணவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்! பின்னர் ஐ.பி.எம். 360 வரிசைக்கும் வாட்ஃபார் எழுதப்பட்டது. அதன் வழியில் 'வாட்ஃபைவ்' வந்தது. பிற பல்கலைக் கழகங்களும் இவற்றை விரும்பிப் பெற்றுக்கொண்டன.

எல்லாரும் இத்தகைய பரிவு காட்டினர் என்று எண்ண வேண்டாம். மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1959இல் உருவான 'மாட்' கம்பைலர், பிழைகள் மிகுந்துவிட்டால், அதே பெயருடைய நகைச்சுவை இதழின் பல்லிளிக்கும் சிறுவன் முகத்தைப் பக்கம் முழுதும் அச்சிட்டது. காத்திருந்து பெற்ற தாளில் அதைக் கண்டவர் சிரித்திருப்பாரா என்பது ஐயமே.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் ரிச்சர்ட் கான்வே, தாமஸ் வில்காக்ஸ் ஆகியோர் 1970களில் அமைத்த 'பி.எல்./சி.' மற்றோர் எல்லைக்குச் சென்றது. எத்தனை பிழை இருந்தாலும் அது புரோகிராமைத் திருப்பி அனுப்பாது. பிழையைச் சொல்லும், தான் எவ்வாறு திருத்திக்கொண்டது என்பதையும் சொல்லும், பிறகு ஓட்டியும் பார்க்கும். திருத்தம் சில வேளை மாணவன் கருதியதற்கு மாறாக அமைந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் ஒரு நாள் காத்திருப்பில் ஒரு பிழையை மட்டும் அறிவதைவிட, பத்துப் பிழைகளை அறிவது பெரிய லாபமன்றோ?

சூரிச் நகரில் நிக்லாஸ் விர்த் 1970இல் கற்பித்தலை மனத்திற்கொண்டு பாஸ்கல் மொழியை வெளியிட்டார். அம்மொழிக்கு போர்லாண்ட் நிறுவனம் 1983இல் 'டர்போ பாஸ்கல்' கம்பைலரை ஐம்பது டாலருக்கும் குறைந்த விலையில் விற்றது. எழுதுவதும் மாற்றுவதும் ஓட்டுவதும் ஒரே இடத்தில். பி.எல்./சி.யின் வழக்கத்துக்கு நேர்மாறாக, இது முதல் பிழையிலேயே நின்று, அந்த இடத்தைக் காட்டும். அதைத் திருத்திவிட்டு மீண்டும் ஓட்ட, இப்போது சில நொடிகள் போதும்.