படகைத் திருத்துவதா, விற்பதா?



கிழக்குக் கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சுனாமிக்குப் பின்னர் 2005 இல் உதவியாகக் கிடைத்த 18 அடி பைபர் படகு. இஞ்சினும் பழையது. திருத்தி ஓட்டலாம் என்கிறார் கணவர். அதற்கு அவர் நம்பியிருப்பது மனைவியின் நகையை. விற்றுத் தலைமுழுகச் சொல்கிறார் நானா. “மார்க்கம் எதைச் சொல்கிறது, மௌலவி?” என்பது கேள்வி.

சகோதரி, விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் வீட்டுக் கணக்கு. அதில் மார்க்கம் உங்களைக் கட்டிப்போடவில்லை. நகையைத் தொடும்போதும், விற்பவர் வாய் திறக்கும்போதும்தான் ஹலால், ஹராம் என்ற பேச்சு வருகிறது.

கணக்கை முதலில் பார்ப்போம். என்னிடம் ஓதும் பிள்ளைகளில் பலர் கடற்றொழில் செய்வோரின் மக்கள். அவர்களுடைய வாப்பாமார் சொல்லிக் கேட்டவற்றைத்தான் எழுதுகிறேன். படகு வேறு, இஞ்சின் வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் வீட்டில் சண்டை வருகிறது. இஞ்சினைக் கழற்றித் தனியாக விற்கலாம், தனியாக வாங்கலாம். படகின் உடம்பு கெட்டிருந்தால் அதன்மேல் எந்த இஞ்சினை வைத்தும் பயனில்லை.

உடம்பைப் பார்க்கும் இடம், பின்பக்கத்தில் இஞ்சின் மாட்டும் பலகை. வெளியே பைபர் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் மரம். ஆணித் துளைகளால் தண்ணீர் இறங்கினால் அது உள்ளுக்குள்ளேயே உக்கும். சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று கேட்டால் நல்லது. ‘பொத்’ என்று செத்த சத்தம் வந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: முன்பு நான்கு பேர் கரைக்கு இழுத்த படகை இப்போது ஆறு பேர் இழுக்கிறார்களா? அப்படியானால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கக்கூடும். சுனாமிக்குப் பின் அவசரத்தில் கட்டிய படகுகளில் தரம் குறைந்தவையும் இருந்தன என்பதை மறக்க வேண்டாம்.

உடம்பு நன்றாக இருந்து இஞ்சின் மட்டும் தேய்ந்திருந்தால் திருத்துவதில் நியாயம் உண்டு. ஆனால் தேய்ந்த இஞ்சின் எண்ணெயைக் குடிக்கும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தடவையில் ஏறியபோது எத்தனை படகுகள் கரையில் கிடந்தன என்பது உங்களுக்கே தெரியும். ஒரு நாள் தொழிலுக்கு எத்தனை லீற்றர் போகிறது, மீன் விற்று என்ன வருகிறது என்று இரண்டு மாதம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் நீங்கள்தானே!

இனி நகை. மஹராக வந்ததும், உம்மா வாப்பா உங்களுக்கென்று போட்டதும் உங்களுடைய சொத்து. கணவர் அதைக் கேட்கலாம்; எடுக்க முடியாது. நீங்கள் மனம் விரும்பிக் கொடுத்தால் அது நன்மை. கொடுக்கும்போது அன்பளிப்பா, கடனா என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். கடனென்றால் எத்தனை பவுண், எப்போது திரும்பும் என்று எழுதிச் சாட்சியும் வையுங்கள். கணவன் மனைவிக்குள் எழுத்தா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கடனை எழுதச் சொன்ன குர்ஆன் கணவன் மனைவியை அதிலிருந்து விலக்கவில்லை. வட்டிக்கு அடகு வைப்பது மட்டும் வேண்டாம். மீட்க முடியாமல் ஏலத்தில் போன நகைகளின் கதையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தேவைதான் என்றால் ஒரு வளையலை விற்றுவிடுவது மேல்.

விற்பதென்று முடிவானால், உக்கிய பலகைக்கு மேல் பெயின்ட் பூசி விற்கச் சிலர் யோசனை சொல்வார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை நீங்கள் பயானில் கேட்டிருப்பீர்கள். மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் அவர்கள் கேட்டார்கள். பெயின்டுக்குக் கீழே இருக்கும் பலகையும் அந்த ஈரத் தானியம்தான். ஒரு வித்தியாசம், இதை வாங்குபவர் நடுக்கடலுக்குப் போகிறார். ஆகவே குறையைச் சொல்லி விலையைக் குறையுங்கள். மீன் முதலாளியிடம் படகின் பேரில் முற்பணம் வாங்கியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். கடற்றொழில் பரிசோதகரிடம் பதிவையும் வாங்குபவரின் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், சொந்தப் படகு இருப்பதால் நாங்கள் ஸகாத் வாங்கக் கூடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஸூரத்துல் கஹ்ஃபில் ஹிழ்ரு (அலை) அவர்கள் பழுதாக்கிய அந்தக் கப்பலின் சொந்தக்காரர்களைக் குர்ஆன் மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடுகிறது. கப்பல் அவர்களுடையதுதான், ஆனாலும் மிஸ்கீன்கள். நமது ஷாபிஈ இமாம்கள் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். படகின் வருமானம் வீட்டுச் செலவுக்குப் போதாவிட்டால் தாராளமாகக் கேளுங்கள், திருத்துகிற செலவுக்கும் சேர்த்து.