ஓட்டையை அடைக்க எத்தனை நாள்?

2017 மே 12. பிரிட்டன் நாட்டுப் பொது மருத்துவமனைகளின் கணிப்பொறித் திரைகள் சிவந்தன. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், 300 டாலர் கொடுத்தால்தான் திறப்போம் என்று மிரட்டின. வானாக்ரை என்னும் அந்த நச்சுநிரல் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளைப் பிடித்து ஆட்டியது. இங்கிலாந்தில் மட்டும் 19,000-க்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் இரத்தாகியிருக்கும் என்று மதிப்பிட்டனர்.

கொள்ளையன் புகுந்த ஓட்டை விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்தது. அதை முன்பே கண்டுகொண்ட அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை ஊரை எச்சரித்ததா? இல்லை, ஆயுதமாக்கி அடுக்கி வைத்தது. அந்த ஆயுதமும் களவு போயிற்று! ஏப்ரல் 14-இல் உலகறிய வெளியாயிற்று.

மார்ச் 14-ஆம் நாளே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டுவிட்டதே, அதன்மேல் என்ன பழி என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். யாருக்குக் கிடைத்தது அந்தத் திருத்தம்? 2014 ஏப்ரலில் கைவிடப்பட்ட எக்ஸ்பி இயங்குதளத்துக்குத் தனிக்கட்டணம் கட்டியவர்க்கு மட்டுமே பாதுகாப்பு. கட்ட இயலாதவன் திறந்த வீட்டில் கிடந்தான். தாக்குதலுக்குப் பின், ஒரே நாளில், எக்ஸ்பிக்கும் இலவசத் திருத்தம் வந்து சேர்ந்தது! மே 13-இல் கொடுக்க முடிந்ததை மே 11-இல் கொடுக்கத் தடுத்தது எது, தோழர்களே? கணக்குப் புத்தகம்!

ஒன்றை மறைப்பதற்கில்லை. அந்த மருத்துவமனைகளில் தாக்குண்டவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7 பொறிகள். திருத்தம் கையெட்டும் தொலைவில் இருந்தும் பொருத்தப்படவில்லை. நிர்வாகத்தின் குற்றம் நிர்வாகத்தையே சாரும். ஆயினும், புதுப்பித்தால் எந்தக் கருவி படுத்துவிடுமோ என்று அஞ்சும் ஊழியனின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எத்தனை நாள் தவணை கொடுக்கலாம்? கூகுளின் ஆய்வுக்குழு 90 நாள் என்றது. 2015 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் இன்னும் இரண்டு நாள் கேட்டது. கூகுள் மறுத்து, 11-ஆம் நாளே ஓட்டையை அம்பலப்படுத்திற்று. வீரம்தான்! அதே மாதத்தில், ஆண்ட்ராய்டு 4.3-உம் அதற்கு முந்தியவையும் கொண்ட கைபேசிகளின் உலாவிப் பகுதிக்கு இனித் திருத்தம் தருவதில்லை என்று கைவிரித்ததும் இதே கூகுள்தான். ஊருக்கு உபதேசம்!

ஆனாலும் 90 நாள் என்னும் வரம்பு நல்லது. சொல்பவன் யார் என்பதற்காகத் தள்ளிவிட வேண்டா. கொள்ளையர் ஏற்கெனவே புகுந்துகொண்டிருக்கும் ஓட்டைக்கு அதுவும் மிகுதி. அதற்கு 7 நாள் என்று 2013-லேயே கூகுள் சொன்னது. நாமும் அதையே கேட்கிறோம். நிறுவனங்கள் தமக்குள் வகுத்துக்கொள்ளும் ஒழுக்கமாக அன்று, சட்டமாக!

ஐரோப்பிய ஒன்றியம் ஓரடி வைத்துள்ளது. 2024 டிசம்பரில் செயலுக்கு வந்த அதன் சட்டம், தாக்குதலுக்கு ஆளாகும் ஓட்டையை 24 மணி நேரத்துள் அரசுக்கு அறிவிக்கும் கடமையை 2026 செப்டம்பர் 11 முதல் விதிக்கிறது. திருத்தம் இலவசமாதல் வேண்டும், இயன்றவரை புதிய வசதிகளோடு பிணைக்காமல் தரல் வேண்டும் என்கிறது. அஞ்சும் ஊழியனுக்கு அது ஆறுதல். ஆனால் அடைக்கும் நாளுக்கு எண் சொல்லாமல் 'தாமதமின்றி' என்று நழுவுகிறது. ஆதரவுக் காலத்துக்குப் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு என்கிறது. மருத்துவமனையின் ஊடுகதிர்க் கருவி ஐந்தாண்டில் குப்பைக்குப் போவதோ?