நாகமரு மலரும் நிலம் பற்றிய கேள்வியும்

நோர்வூட்டில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவரிடம், தொலைபேசியில் இருந்த மஞ்சள் பூவொன்றின் படத்தைக் காட்டி, இதைக் கண்டிருக்கிறீர்களா எனக் கேட்டேன். “இந்த மலையில தேயிலையத் தவிர வேற எதத் தம்பி வளர விட்டாங்க?” என்றார்.

அது இப்சியா ஸ்பெசியோசா. சிங்களத்தில் ‘நாகமரு அல’. கிழங்கிலிருந்து முளைக்கும் இந்தக் காட்டு ஓர்கிட், இலங்கையின் மலைப் புல்வெளிகளுக்கே உரியது. இதன் நெருங்கிய உறவான இப்சியா மலபாரிக்கா, கேரளத்தின் மலைகளில் வளர்கிறது. ஒரே பேரினம், ஆனால் இரண்டின் கதையும் வேறு.

அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட மலபாரிக்கா, 1982இல் அமைதிப் பள்ளத்தாக்கில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. நீர்மின் அணைக்கு எதிராக அங்கு மக்கள் போராடிய காலம் அது. திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் அந்த இடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பின்னர் திசு வளர்ப்பு முறையிலும் அந்தச் செடி பெருக்கப்பட்டது. அதாவது, முதலில் நிலம் காக்கப்பட்டது.

இங்கே ஸ்பெசியோசாவுக்கு 1831இலேயே தாவரவியலாளர் லிண்ட்லி பெயரிட்டுவிட்டார். கோப்பித் தோட்டங்களுக்கு நமது முன்னோர் அழைத்து வரப்பட்ட காலமும் அதுதான். பூவின் பெயர் பதிவானது. அவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கள் எங்கும் இல்லை. பின்னர் புல்வெளிகள் பல தேயிலைக்கும் பைனஸ் மரங்களுக்கும் போயின. வசிய மருந்து என்ற நம்பிக்கையில் கிழங்கு தோண்டுவதும் இச்செடிக்கு ஆபத்துத்தான். ஆனால் தோண்டுபவரை மட்டும் குற்றவாளியாக்கினால், புல்வெளியை மாற்ற முடிவெடுத்தவர்கள் கணக்கில் வருவதில்லை.

ஓர்கிட் விதையில் சேமித்த உணவு இல்லை. மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சையின் துணையின்றி அது இயற்கையில் முளைக்காது. எனவே செடியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டு, காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்து, போரில் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2017 மே 12இல் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு அவசியம். ஆனால் லயன் அறைக்குப் பதிலாகச் சில பேர்ச்சஸ் என்பதோடு நிலம் பற்றிய பேச்சு முடிந்துவிடக் கூடாது. மலையை எதற்குப் பயன்படுத்துவது, எங்கே புல்வெளியை விடுவது, எங்கே மக்கள் வாழ்வது என்ற முடிவுகளிலும் அந்த அக்காவுக்கு இடம் வேண்டும்.

இருநூறு ஆண்டுகளாக மலையைத் தினமும் ஏறி இறங்குபவர்களைக் கேட்காமல், மலையின் பூவை யாராலும் காக்க முடியாது.