தக்காளிக்கு ஒட்டுச் செடி... எல்லோருக்கும் தேவையா?

காலையில் பச்சைப்பசேலென்று நின்ற தக்காளிச் செடி மத்தியானம் தலை தொங்கி, நாலைந்து நாளில் அப்படியே வாடிச் செத்துப்போன அனுபவம் உங்களுக்கு உண்டா? எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரே வாரத்தில் ஆறு செடி போச்சு. 'தண்ணி பத்தலையோ'ன்னு குடம் குடமாக ஊற்றியதுதான் மிச்சம்!

அடுத்த முறை இப்படி வாடினால், ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். தண்டின் அடிப்பாகத்தை வெட்டி, வெட்டிய முனை கண்ணாடி டம்ளர் தண்ணீரில் படும்படி பிடியுங்கள. சில நிமிடங்களில் பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால், அது மண்ணிலிருந்து வரும் பாக்டீரியா வாடல் நோய். வந்த பிறகு எந்த மருந்துக்கும் மசியாது.

இங்கேதான் ஒட்டு நாற்று கைகொடுக்கிறது. இந்த நோயைத் தாங்கும் கத்தரி வேரின் மேல் தக்காளித் தண்டை ஒட்டி வளர்க்கிறார்கள். தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் பல வருஷமாகச் சொல்லிவரும் முறை இது. மழைத் தண்ணீர் தேங்கினாலும் கத்தரி வேர் ஓரளவு சமாளிக்கும். ஆகவே, கொல்லை மண்ணில் வருஷா வருஷம் செடி வாடுகிறதா? கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள், தப்பில்லை.

ஆனால் மொட்டைமாடித் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இது வீண் செலவு என்பேன். நோய் குடியிருப்பது மண்ணில். புது மண், மக்கிய எரு, தென்னை நார்க் கழிவு போட்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்தது. சாதா நாற்றே போதும். கொல்லையில் செடி செத்த இடத்து மண்ணை மட்டும் தொட்டியில் போடாதீர்கள்!

இன்னொன்று. இலைச்சுருட்டை நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. வேர் எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. அதைத் தடுக்க ஒட்டுக் கட்டியதே போதும் என்று நம்பி ஏமாறாதீர்கள்.

வாங்கினால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் தக்காளித் தண்டே வேர் விட்டு, நோயை உள்ளே கூப்பிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் உடனே கிள்ளி விடுங்கள். இல்லாவிட்டால் தக்காளிக்குப் போக வேண்டிய சத்து கத்தரிக்குப் போகும்.

பழத்து விதையைச் சேர்த்து வைத்தும் பலனில்லை. அதில் முளைப்பது வெறும் தக்காளிதான். கத்தரி வேர் கூட வராது.

பர்ஸைத் திறக்கும் முன் மண்ணைப் பாருங்கள். சீக்கு மண்ணுக்குத்தான் ஒட்டு; நல்ல மண்ணுக்கு எதற்கு?