பெயர் சொல்லி அழைப்போம்



சிலுவையில் தொங்கிய இயேசுவின் தலைக்கு மேலே பிலாத்து ஓர் எழுத்துப் பலகையை வைத்தான். எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மும்மொழிகளிலும் அது எழுதப்பட்டிருந்தது. அவ்விடம் நகருக்கு அண்மையில் இருந்தமையால் பலரும் அதனை வாசித்தனர் என யோவான் நற்செய்தி (19:19-20) கூறுகின்றது. வாசித்துச் சென்றவர்களுள் எத்தனை பேர், அதன் கீழே இருந்தவர் உண்மையில் யார் என ஆராய்ந்திருப்பர்?

நமது கைத்தொலைபேசிகளிலும் இத்தகைய பலகைகள் நாள்தோறும் எழுதப்படுகின்றன. படத்தில் இருப்பவரின் முகத்தோடு அவரது பெயரை இணைப்பதை 'டேக்' செய்தல் என்கின்றோம். பேஸ்புக் இதனை 2005ஆம் ஆண்டிலேயே அறிமுகப்படுத்தியது. 2007 ஆகஸ்ட் மாதத்தில் கிறிஸ் மெசினா என்பவர், ஒரே விடயம் பற்றிய பதிவுகளை ஒன்றுசேர்ப்பதற்குச் சொல்லின் முன்னே ஒரு குறியை இடலாம் என, அன்று டுவிட்டர் எனப்பட்ட தளத்தில் முன்மொழிந்தார். அதுவே 'ஹேஷ்டேக்' ஆயிற்று.

இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. போரினால் உலகெங்கும் சிதறிய குடும்பங்கள் நம்முடையவை. ரொறன்ரோவில் பேரப்பிள்ளை முதல்நன்மை பெற்ற படத்தில் தமது பெயரும் இணைக்கப்பட்டிருப்பதைக் காணும் பருத்தித்துறை அம்மம்மா, தம்மையும் நினைத்திருக்கின்றார்களே என்று மகிழ்கின்றார்.

ஆயினும், நம்மை இணைக்கும் இக்குறியே நாம் உலகைக் காணும் கண்ணாடியாகவும் மாறிவிடுகின்றது. ஒரே ஹேஷ்டேக்கின் கீழ் நூறு பதிவுகளைக் கண்டதும், நாடே அவ்வாறு நினைக்கின்றது என எண்ணத் தலைப்படுகின்றோம். எதுவும் எழுதாமல் மௌனமாக இருப்போர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மக்கள் அதிகம் பகிரும் பதிவுகளை வலைத்தளங்கள் மேலும் பலர் முன்னே கொண்டுசெல்வதால், முதலில் இடப்பட்ட பெயர் பிழையாயின் அப்பிழையே செய்தியாகிவிடுகின்றது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் சிந்தப்பட்ட இரத்தத்தை நாம் மறக்கவில்லை. நான்கு நாட்களின் பின்னர், தேடப்படுவோரின் படங்களைப் பொலிஸார் வெளியிட்டனர். அவற்றுள் ஒரு பெயரோடு இணைக்கப்பட்டிருந்த முகம், இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஒரு முஸ்லிம் மாணவியினுடையது. தாக்குதலோடு அவருக்கு எத்தொடர்பும் இருக்கவில்லை. பொலிஸார் தவறை ஏற்றுக்கொண்டனர். ஆனால் அதற்குள் படம் பரவிவிட்டது. தேடப்படுபவர் தாம் அல்லர் என்று அம்மாணவியே வலைத்தளத்தில் மறுக்க வேண்டியதாயிற்று. நம் துயரம் நியாயமானது. நீதி கேட்கும் நம் உரிமையும் நியாயமானதே. எனினும் அப்படத்தைக் கோபத்தோடு பகிர்ந்த ஒவ்வொரு விரலும், குற்றமற்ற ஒருவரின் தலைக்கு மேலே பலகை அறைந்தது.

தமிழராகிய நமக்கு இக்கொடுமை புதிதன்று. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில், முகத்தை மூடிய 'தலையாட்டி' தலையை அசைத்தாலே போதும்; வரிசையில் நின்ற இளைஞனின் வாழ்வு அத்துடன் மாறிவிடும். அன்று சாக்குக்குள் மறைந்திருந்த தலை, இன்று போலிப் பெயர் கொண்ட கணக்குக்குள் மறைந்திருக்கின்றது.

எரிக்கோ நகரத்தார் சக்கேயுவுக்கு இட்ட குறி 'பாவி' என்பதே (லூக்கா 19:7). இயேசுவோ மரத்தின் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார். அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். அவரது வீட்டுக்கே சென்றார். ஊரார் இட்ட குறி சக்கேயுவைத் தூரத்தில் நிறுத்தியது. ஆண்டவர் சொன்ன பெயர் அவரது வீட்டையும் மனத்தையும் திறந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2019ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில் சமூக வலைத்தளங்களைப் பற்றியே பேசினார். நாம் ஒருவர் மற்றவருக்கு உறுப்புகள் என்னும் எபேசியர் மடலின் (4:25) சிந்தனை அதன் தலைப்பாயிற்று. அதே வசனம், பொய்யை விலக்கி அயலாரோடு உண்மை பேசுமாறும் பணிக்கின்றது. உறுப்புகளுக்கிடையே பொய் நுழைந்தால் நோகப்போவது முழு உடலுமே.

எனவே நம் இல்லங்களில் சில ஒழுங்குகளைக் கைக்கொள்வோம். பிறரது பெயரைப் படத்தோடு இணைக்குமுன் அவரது சம்மதத்தைக் கேட்போம். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்போரையும் மரணவீட்டில் அழுவோரையும் படமெடுத்துப் பரப்பாதிருப்போம். ஒருவரைக் குற்றவாளியென்றோ ஓர் இனத்தை எதிரியென்றோ சுட்டும் பதிவு வந்தால், இதை எழுதியவர் யார், இதில் நான் நேராக அறிந்தது என்ன என வினவுவோம். பொய்ச்சான்றைத் தடைசெய்யும் கட்டளை நாவுக்கு மட்டுமன்றி விரல்நுனிக்கும் உரியது. பிழையென அறிந்ததும், பகிர்ந்த அதே இடத்தில் திருத்தத்தையும் வெளியிடுவோம்.

இவ்வாரம் செபமாலைக்காகக் குடும்பமாகக் கூடும்போது, நாம் இறுதியாகப் பகிர்ந்த படத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லி இறைவனிடம் ஒப்புக்கொடுப்போம். யாருக்காகச் செபிக்க நமக்கு மனம் வரவில்லையோ, அவர்மீது குறியிடவும் நமக்கு உரிமையில்லை.